மண்டி போட்ட மாப்பிள்ளை கார்

திருப்பரங்குன்றத்தில் அன்று முகூர்த்த நாள். முகூர்த்தமென்று மழைக்குத் தெரியுமா என்ன... விடிந்ததிலிருந்தே பிடித்துக்கொண்டு பெய்தது. மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் எல்லோரும் பந்தலுக்குள் ஒதுங்கிக்கொள்ள, தமிழ்வாணி மட்டும் குடையை விரித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். தோழி முத்துச்செல்விக்குக் கல்யாணம். மாப்பிள்ளையைப் பார்க்கத்தான் இவ்வளவு அவசரமா? அதுதான் இல்லை. மாப்பிள்ளை வந்த காரைப் பார்க்க.

வெள்ளை நிறம். பேரைச் சொன்னாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சொகுசு கார். ரோஜா மாலையும் ரிப்பனுமாக வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. இடது பக்கப் பின்கதவு திறந்தது. மாப்பிள்ளை வலது காலை எடுத்துக் கீழே வைத்தார். அவ்வளவுதான்... உஸ்ஸென்று ஒரு பெருமூச்சு கேட்டது. காரின் பின்பக்க இடது மூலை மெல்ல இறங்கி, இறங்கி, சக்கரத்தின் மேல் உட்கார்ந்தே விட்டது.

"என்னப்பா இது... மாப்ள எறங்குற நேரத்துல வண்டி மண்டி போடுது" என்றார் மாலையோடு நின்ற பெரியவர் ஒருவர்.

"நல்லாவா இருக்கு பாக்க" என்றது பந்தலுக்குள்ளிருந்து ஒரு குரல். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது சொன்னதைவிட மோசம்.

காரை ஓட்டி வந்தவன் கதவைத் திறந்துகொண்டு பாய்ந்து வந்தான். வெள்ளைச் சட்டை, மழையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. குந்தி உட்கார்ந்து, சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவில் இருந்த சந்துக்குள் கையை விட்டான்.

பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டாள் தமிழ்வாணி.

அவன் நிமிர்ந்தான். புருவத்திலிருந்து மழைத்துளி சொட்டியது. அந்தக் கண்ணில் கோபம் இருந்திருக்க வேண்டும். ஆனால் பாவம், பயம்தான் இருந்தது. பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளையைத் தொலைத்தவன் மாதிரி பார்த்தான்.

"ஏங்க, கையத் தட்டுறீங்க?"

"அடியில கை விடாதீங்க. இன்னும் இறங்குச்சுன்னா கை நசுங்கிப் போகும்."

"எனக்குத் தெரியாதுங்களா? என் வண்டிங்க இது. நீங்க போயி பந்தியில உக்காருங்க மேடம்."

"உங்க வண்டிதேன். அது உங்க பேச்சக் கேக்கலையே."

அவள் குடையை அவன் கையில் திணித்தாள். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, காரை உயர்த்தும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். எங்கோ அடியில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் முனகியது. சாய்ந்திருந்த மூலை முக்கி முனகி எழுந்து நின்றது.

"இப்ப ஓரமாக் கொண்டு போயி விடுங்க. சாயந்திரத்துக்குள்ள மறுபடி இறங்கினாலும் இறங்கும். பைபாஸ் ரோட்டுல அழகுபாண்டி ஒர்க்‌ஷாப். அங்க கொண்டு வாங்க."

"அங்க யாரப் பாக்கணும்?"

"என்னையத்தேன்."

சொல்லிவிட்டு அவள் படியேறிப் போய்விட்டாள். குடை அவனிடமே நின்றுபோனது. சொந்தக் குடையை விட்டுவிட்டு வந்தது அவளுக்கு உறைத்தது தாலி கட்டி முடித்த பிறகுதான்... அவ்வளவு நேரமும் அந்தப் பயந்த கண்தான் மனதுக்குள் நின்றது. அதை அவள் ஒப்புக்கொள்வாளா? கொள்ள மாட்டாள். காரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பாள்.

தமிழ்வாணி ஆட்டோமொபைல் படித்தவள். கோளாறு இருக்கிறதா இல்லையா என்று கண்ணாமூச்சி ஆடுகிற சொகுசு கார்களில் அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு ஒரு பேர் உண்டு. அவள் கை பட்ட வண்டி அதே கோளாறோடு திரும்பி வராது. முதலாளி அழகுபாண்டி இதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுவார். அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். கொஞ்சம் அதிகமாகவே.

மறுநாள் அவன் வந்தான். பேர் சிவபாண்டி. ஊர் உசிலம்பட்டி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை கார் விடுகிற தொழில். இருப்பதே இந்த ஒரு கார். குடையை மடித்து, பேப்பரில் சுற்றிக் கொண்டு வந்து கொடுத்தான். காரோ, நாலு காலிலும் நேராக நின்றது. நேற்று மண்டி போட்டது நானா என்பதுபோல நின்றது.

"பாத்தீங்களா, இங்க வந்ததும் நல்ல பிள்ளையா ஆயிருச்சு" என்றான்.

"டாக்டரப் பாத்ததும் காய்ச்சல் போறதில்லையா? அப்படித்தேன்."

அந்தக் காருக்குச் சாதாரண ஸ்பிரிங் கிடையாது. நாலு மூலையிலும் காற்றுப்பை. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு சின்னக் கம்பி. கார் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குச் சொல்வது அந்தக் கம்பிதான். உயரம் குறைந்தால் காற்றை ஏற்றும், கூடினால் இறக்கும். எங்கேயோ காற்றுக் கசிகிறது என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. காரை லிஃப்டில் ஏற்றினாள். பின்பக்க இடது சக்கரத்துக்கு உள்ளே ஒரு கறுப்புக் கயிறு தொளதொளவென்று தொங்கியது. கண் படாமலிருக்கக் கட்டிய கயிறு. கயிறோ, எலுமிச்சம்பழமோ, மிளகாயோ கட்டாத வண்டி மதுரையில் ஏது? சாமிக்கென்று கட்டியதில் மெக்கானிக் கை வைக்க மாட்டான். கயிற்றை ஒதுக்கிவிட்டுச் சோப்புத் தண்ணீரைக் குழாய்களில் தடவினாள். ஓர் இணைப்பில் குட்டிக் குட்டியாய்க் குமிழ் வந்தது. அதை மாற்றினாள்.

"இனிமே மண்டி போடாது. தைரியமாப் போங்க."

"போட்டுச்சுன்னா?"

"போடாதுங்கறேன்ல."

பத்து நாள் கழித்துப் போட்டது. விடிகாலையில் காரைத் தண்ணீர் அடித்துக் கழுவி, பூ அலங்காரம் முடித்து, மாப்பிள்ளை வீட்டு வாசலுக்குப் போனபோது போட்டது. சிவபாண்டி போனில் அழைத்தான். அவள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் வெயில் ஏறி, காரும் எழுந்து நின்றது. கோளாறு பார்க்கிற கம்ப்யூட்டரைக் காரில் மாட்டிப் பார்த்தாள். ஒரு கோளாறும் பதிவாகவில்லை. கம்ப்ரஸருக்கு மின்சாரம் விடுகிற ரிலேயை மாற்றினாள். வீட்டுக்குப் போயும் தூக்கம் வரவில்லை. கோளாறு திரும்பி வந்ததற்குக் கோபப்பட வேண்டுமா, அவன் திரும்பி வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டுமா... அவளுக்கே தெரியவில்லை.

தண்ணீர்தான் காரணமோ என்று யோசிக்காமலில்லை. முதல் தடவை மழை. இரண்டாவது தடவை கழுவிய ஈரம். எங்கேயோ ஒயருக்குள் தண்ணீர் இறங்குகிறது போலும். இந்த நூலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அப்போதே முடித்திருப்பாள்.

ஆனால் ஒரு புதன்கிழமை வந்தது.

மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு வாரமாகச் சொட்டு மழையில்லை. சிவபாண்டி வந்து இறங்கினான்.

"காலையில மறுபடியும் இறங்கிருச்சுங்க."

"கழுவுனீங்களா?"

"இல்ல."

"எங்க வச்சு?"

"அது... வீட்டுல வச்சுத்தேன்."

அந்த ஒரு வார்த்தையில் அவளுடைய கணக்கெல்லாம் கவிழ்ந்தது. ஈரம் இல்லாத நாளிலும் இறங்குகிறதென்றால் தண்ணீர் காரணமில்லை. சரி, முதலிலிருந்து ஆரம்பி. அன்றைக்கு முழுவதும் கார் ஒர்க்‌ஷாப்பிலேயே நின்றது. அவனும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தான். அவள் வால்வைக் கழற்றினாள், மாட்டினாள். அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தால் சட்டென்று வாசலைப் பார்ப்பான். வாசலில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஒரு பழைய டயர் இருந்தது.

சாயந்திரம் எங்கோ போய் இரண்டு டம்ளர் பருத்திப்பால் வாங்கி வந்தான்.

"நெத்தியில கிரீஸ் இருக்கு" என்றான்.

அவள் புறங்கையால் துடைத்தாள். "போயிருச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் பரவிருச்சு."

"அப்ப முதல்லயே பேசாம இருந்திருக்கலாம்ல."

"சொல்லாட்டி நீங்க என்னையப் பாத்திருக்க மாட்டீங்களே."

சொல்லிவிட்டு அவனே வெட்கப்பட்டு, சூடான பருத்திப்பாலை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டான். அவள் சிரித்தாள். ஒர்க்‌ஷாப்பில் அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை. அழகுபாண்டி தம் அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

பார்த்தவர் சும்மா இருப்பாரா?

"என்ன மாப்ள, கோளாறு வண்டியிலதானா... இல்ல வேற எங்கயாச்சுமா?" என்று மறுநாளே எல்லோர் முன்னாலும் ஆரம்பித்துவிட்டார். சிவபாண்டியைக் கேட்பதுபோலக் கேட்டார், அதுவும் அவன் அங்கே இல்லாதபோது. கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட மனிதர்கள் இல்லை அவர்கள். ஆனால் தமிழ்வாணிக்கு முகம் சுண்டிப்போயிற்று. இந்த இடத்தில் ஒரு பெண் லிஃப்டுக்கு அடியில் நிற்பதற்கு அவள் எவ்வளவு பட்டிருக்கிறாள்... அவ்வளவையும் ஒரு சிரிப்பு அழித்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை. அடுத்த முகூர்த்தத்தன்று, காலை மழை விட்டு வெயிலேறிய பிறகு, சிவபாண்டி ஒர்க்‌ஷாப்புக்கு வந்தபோது காரில் மாலை அப்படியே இருந்தது. மாப்பிள்ளை இல்லை.

"எறக்கிவிட்டுட்டாங்க" என்றான். "மாப்ள ஏறி உக்காந்ததும் வண்டி இறங்கிருச்சு. பொண்ணு வீட்டு ஆளுக பாத்துட்டாங்க. இந்த வண்டியே வேணாம்னுட்டாங்க. ஆட்டோவுல போயி மாப்ள அழைப்பு நடக்குது."

அவள் கம்ப்யூட்டரை மாட்டினாள். கார் நேராக நின்றது. கோளாறு எதுவும் பதிவில் இல்லை. வழக்கம்போல. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். வேறொருவர் மெல்லச் சிரித்தார். அவ்வளவுதான்... அவளுக்குள் என்னவோ அறுந்தது.

"உண்மையச் சொல்லுங்க" என்றாள். "மண்டபத்துல இறங்குனத நான் பாத்தேன். அதுக்கப்புறமும் வண்டி தானா இறங்குதா, இல்ல நீங்களே பொத்தான அமுக்கி இறக்கிட்டு இங்க வாரீங்களா?"

சிவபாண்டி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லவில்லை. அவன் முகம் சிவந்து, பிறகு வெளிறிப்போனது.

"எதுக்கு அப்படி இறக்கணும்?"

"அது எனக்கெப்படித் தெரியும். கம்ப்யூட்டரு ஒண்ணுமில்லைங்குது. நான் அதத்தேன் நம்ப முடியும்."

"கார்ல மாலை இன்னும் வாடலீங்க" என்றான் அவன். "இந்த மாலையப் பாத்துமா கேக்குறீங்க..."

அவள் தலையைத் தூக்கவில்லை. அவன் கதவைச் சாத்தினான். கார் வளைந்து ரோட்டில் ஏறியது. மறுபடி பிடித்துக்கொண்ட மழை அதை மறைத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை இப்போது. சொன்ன வார்த்தையைத் திரும்பி வாங்க ஒரு வழி இருந்தால் அவள் ஓடிப்போய் வாங்கியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகுபாண்டியிடமிருந்து போன் வந்தது.

"அந்தத் தம்பி வண்டிய விக்கப் போறானாம்மா. வாங்குறவங்க இன்னைக்குச் சாயந்திரம் வாராங்களாம். நானும் அன்னைக்குக் கொஞ்சம் ஓவராத்தேன் போயிட்டேன்... நீ ஒரு எட்டுப் போயிப் பாரேன்."

உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் தூறல். கோளாறைக் கண்டுபிடிக்கப் போகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவ்வளவுதானா? கார் போய்விட்டால் அவன் எதைக் காரணமாக வைத்து மதுரைக்கு வருவான்... அந்தக் கண்களை இனி எங்கே பார்ப்பது... வெற்றிலைக் கட்டோடு பக்கத்தில் இருந்த அம்மாள், "என்ன தாயி, கண்ணு கலங்குது?" என்றாள். "தூசி" என்றாள் தமிழ்வாணி. மழையில் ஏது தூசி?

வீட்டு முற்றத்தில் தகரக் கொட்டகை. பாதிக் கார் கொட்டகைக்குள்ளும் பின்பக்கம் மழையிலுமாக நின்றது. இடது மூலை இறங்கிக் கிடந்தது. திருப்பரங்குன்றத்துக்குப் பிறகு முதல் முறையாக, அவள் கண் முன்னால், சாட்சியோடு.

ஒரு அம்மாள் முறத்தோடு வெளியே வந்தாள். சிவபாண்டியின் தாய் பாண்டியம்மாள். பார்த்த உடனே தெரிந்தது. அதே கண்.

"யாரு தாயி?"

"மதுரையில இருந்து வாரேம்மா. உங்க மகன் வண்டிய நான்தேன் பாத்தேன்."

பாண்டியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அது" என்றாள். அந்தக் குரலில் கோபம் பாதி. மீதி என்னவென்று புரியவில்லை. "எம் மகன் மூணு நாளாச் சரியாச் சாப்பிடல. வாங்குறவுகளக் கூட்டிவரப் போயிருக்கான். மழை பேஞ்சா இது இப்படித்தேன் படுத்துக்குது. வெயிலடிச்சா எந்திரிச்சு நிக்குது. நானும் பாத்துக்கிட்டுத்தேன் இருக்கேன்."

"மழை பெய்ஞ்சா மட்டுமா?"

"மழைக்கு மட்டுந்தேன்."

தமிழ்வாணி இரண்டு கட்டைகளை எடுத்துக் காருக்கு அடியில் அண்டை கொடுத்தாள். ஈரத் தரையில் பக்கவாட்டில் சாய்ந்து, செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். காற்றுப்பை நன்றாக இருந்தது. குழாய் நன்றாக இருந்தது. கறுப்புக் கயிறு...

கயிறு.

லிஃப்டில் பார்த்தபோது தொளதொளவென்று தொங்கிய கயிறு. இப்போது துணி காயப்போடும் கொடி மாதிரி விறைத்திருந்தது. ஒரு முனை காரின் சட்டத்தில். மறுமுனை... உயரம் சொல்கிற அந்தச் சின்னக் கம்பியில். பஞ்சு நூலில் முறுக்கிய கயிறு, நனைந்ததும் சுருங்கி, கம்பியைப் பக்கவாட்டில் இழுத்துச் சாய்த்திருந்தது. கம்பி சாய்ந்தால் கார் என்ன நினைக்கும்? ரொம்ப உயரத்தில் நிற்கிறோம் என்று நினைக்கும். காற்றை இறக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சரி. அதனால்தான் கோளாறு என்று எதுவுமே பதிவாகவில்லை. வெயில் பட்டால் கயிறு தளரும். ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் காய்ந்துவிடும்.

எத்தனை தடவை அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறாள். சாமி கயிறென்று ஒதுக்கி ஒதுக்கி, பார்த்ததையே பார்க்காமல் விட்டிருக்கிறாள். வேறு ஊர் மெக்கானிக் யாராவது வந்திருந்தால் முதல் நாளே அறுத்துப் போட்டிருப்பான்.

"அம்மா, இந்தக் கயித்த யாரு கட்டுனது?"

"நாந்தேன். அழகர்கோவில் கருப்பசாமிக்கிட்ட வச்சுப் பூச பண்ணிக் கட்டுனது. வெளிய தெரியுற மாதிரி கட்டினா, ஊருப்பட்ட பணக்காரங்க ஏறுற வண்டின்னு இவன் வெக்கப்படுவான். அதேன் உள்ளுக்குள்ள, ஒரு சின்னக் கம்பி வாகா இருந்துச்சு... ஏன் தாயி?"

எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னாள், மெதுவாக. பாண்டியம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அவன் பொழப்பக் கெடுத்தது நானா..."

"இல்லம்மா. நான் இதப் படிச்சவ. என் கண்ணு முன்னாடி தொங்குச்சு, நான் விட்டுட்டேன். அதுகூடப் பரவாயில்ல. உங்க மகன் பொய் சொல்றாருன்னு வேற சொல்லிட்டேன். என்னைவிடவா நீங்க கெடுத்துட்டீங்க?"

பாண்டியம்மாள் அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். முந்தானையால் அவள் கன்னத்துச் சேற்றைத் துடைத்துவிட்டாள்.

"அறுத்துப் போட்ரு தாயி."

"சாமி கயிறும்மா. அறுக்க வேணாம். நீங்களே அவுங்க, நான் வெளிச்சம் காட்டுறேன். வேற எடம் சொல்றேன், அங்க கட்டுங்க. அங்க ஒண்ணும் பண்ணாது."

முடிச்சு அவிழ்ந்தது. கம்பி தன் இடத்துக்கு வந்தது. தமிழ்வாணி சாவியை வாங்கி வண்டியை ஸ்டார்ட் செய்தாள். கம்ப்ரஸர் முனகியது. சாய்ந்து கிடந்த மூலை எழுந்து, மற்ற மூன்றோடும் சமமாக நின்றது. பாண்டியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். காரையா, கருப்பனையா, தெரியாது.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே தமிழ்வாணி யோசித்தாள். திருப்பரங்குன்றம், மழை. கழுவிய நாள், ஈரம். மாலை வாடாத அன்றைக்கும் மழை. எல்லாம் பொருந்துகிறது. ஆனால் அந்தப் புதன்கிழமை... காய்ந்த கயிறு எப்படி இழுக்கும்? இழுக்க வழியே இல்லையே. அப்படியானால்...

காரை விட்டு இறங்கும்போது வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

வாங்குகிறவர்கள் பின்னால் வருவதாகச் சொல்லிவிட்டார்கள் போல, சிவபாண்டி தனியாகத்தான் வந்தான். அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். தாடி இரண்டு நாள் வளர்ந்திருந்தது. பாண்டியம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "காப்பி போடுறேன்" என்று உள்ளே போனாள். போகிறவள் திரும்பி, "அம்மாங்காத தாயி. அத்தைன்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தூறல் தகரத்தில் பொடிப்பொடியாக விழுந்தது.

"எதுக்கு வந்தீங்க?" என்றான்.

"மன்னிப்புக் கேக்க. வண்டி நெசமாவே இறங்கிருக்கு. நனைஞ்சா கயிறு சுருங்கி இழுக்குது. இப்பச் சரியாயிருச்சு. நான் அன்னைக்கு எல்லாரு முன்னாடியும் அப்படிக் கேட்டுருக்கக் கூடாது. என்னையப் பாத்து யாரும் சிரிச்சுறக் கூடாதுன்னு உங்கள அசிங்கப்படுத்திட்டேன். தப்புதேன்."

அவன் முகத்தில் வெளிச்சம் வர வேண்டுமே... வரவில்லை. காரைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். தரையைப் பார்த்தான்.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்" என்றாள் அவள். "ஒரு புதன்கிழமை வந்தீங்க. நல்ல வெயிலு. அன்னைக்கு எப்படி இறங்குச்சு?"

அவன் மோட்டார் சைக்கிள் சாவியைச் சட்டைப்பையில் போட்டான்.

"இறங்கல" என்றான்.

"பெறகு?"

"சும்மா... பத்து நாளாச்சு பாத்து. வேற என்ன காரணம் சொல்லி வாரதுன்னு தெரியல. அதேன் நீங்க அன்னைக்குக் கேட்டப்ப அம்புட்டு வலிச்சுச்சு. மத்த நாளெல்லாம் நெசம். அந்த ஒரு நாளு மட்டும் நீங்க சொன்ன மாதிரி பொய்யி. இல்லைன்னும் சொல்ல முடியல, ஆமான்னும் சொல்ல முடியல."

"அந்த ஒரு பொய்யினால எனக்கு எம்புட்டு நாளு போச்சு தெரியுமா? தண்ணிதேன் காரணம்னு அப்பவே நெனச்சேன். காய்ஞ்ச நாள்லயும் இறங்குச்சுன்னு நீங்க சொன்னதும் விட்டுட்டேன். இல்லாட்டி அப்பவே கண்டுபிடிச்சிருப்பேன். அன்னைக்கு மாப்ள உங்க வண்டிய விட்டு இறங்கிப் போயிருக்க மாட்டாரு."

"இப்பத்தேன் தெரியுது" என்றான் அவன், தலையைக் குனிந்துகொண்டு. "ஆனா ஒண்ணு சொல்லுறேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. திருப்பரங்குன்றத்துல கையத் தட்டிவிட்டீங்கள்ல, அப்ப இருந்தே. வண்டிய வித்துட்டா மறந்துரலாம்னு நெனச்சேன். வித்தாலும் மறக்காதுன்னு நேத்தே தெரிஞ்சுபோச்சு."

அவள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். சுற்றி, அவிழ்த்தாள். சேறு அப்பியிருந்தது. கன்னம் சூடாக இருந்தது. இந்த இடத்தில் அவளும் ஒரு உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லாமல் தப்பித்துக்கொள்ளவும் முடியும். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அந்தப் புதன்கிழமை..." என்றாள். "கம்ப்யூட்டர மாட்டிக் கொஞ்ச நேரத்துலயே பாத்துட்டேன். எனக்குச் செய்ய ஒண்ணுமே இல்ல. வால்வையும் சும்மாத்தேன் கழட்டி மாட்டுனேன்."

"பெறகு எதுக்குச் சாயந்திரம் வரைக்கும் வச்சிருந்தீங்க?"

"நீங்க உக்காந்திருந்தீங்கள்ல. அதுக்குத்தேன்."

அவன் நிமிர்ந்தான். முதல் நாள் மழையில் பார்த்த அதே கண். இப்போது அதில் பயமில்லை. அவளுக்கு அதை நேராகப் பார்க்க முடியவில்லை. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

சிவபாண்டி சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "அண்ணே, வண்டிய விக்கலண்ணே... ஆமா, சரியாப் போச்சு... இல்லண்ணே, வேற யாருக்கும் குடுக்கல, நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லி வைத்தான். வைத்த பிறகுதான் வேறொரு கவலை வந்தது அவனுக்கு.

"இனிமே இது இறங்கவே இறங்காதா?"

"இறங்காது."

"அப்ப நான் என்ன சொல்லிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வாரது?"

"என்னையப் பாக்க வந்தேன்னு சொல்லுங்க. அழகுபாண்டி அண்ணன் கேப்பாரு, எல்லாரும் சிரிப்பாங்க. அப்பவும் அதையே சொல்லுங்க."

"நீங்க?"

"நானும் ஆமான்னு சொல்லுறேன்" என்றாள் தமிழ்வாணி.